மங்கிய முடிச்சாயம்: எந்தச் சிகிச்சை ஏற்றது?

பெங்களூருவில் காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளி போன்ற குடியிருப்புப் பகுதிகளில் அழகு நிலையங்களுக்குக் குறைவில்லை. திருமணமோ பண்டிகையோ நெருங்கினால், முடிச்சாயத்தைப் புதுப்பித்துக்கொள்ள அங்கே செல்வோர் பலர். விலைப்பட்டியலில் ரூட் டச்-அப், குளோபல் கலர், கிளாஸ், டோனர் எனப் பல பெயர்கள் இருக்கும். சாயம் எங்கே, எவ்வாறு மங்கியிருக்கிறது என்பதை முதலில் கண்டறிந்தால், இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எளிது.

வேரில் நரை தெரிந்தால்

முடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. எனவே சாயமிட்ட சில வாரங்களிலேயே வேர்ப்பகுதியில் நரை தலைகாட்டும். இதற்கு ரூட் டச்-அப் போதுமானது. நிலையான சாயத்தில் உள்ள அம்மோனியா அல்லது அதையொத்த காரப்பொருள், முடியின் மேற்செதில்களைத் திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ளே நிறத்தை உருவாக்குகிறது. ஒவ்வொரு முறையும் வேர் முதல் நுனி வரை இதனைப் பூசினால், ஏற்கெனவே சாயமேறிய பகுதி வறண்டு உடையத் தொடங்கும், செலவும் கூடும்.

நீளத்தில் பொலிவு குன்றினால்

நரை தெரியாமல் நிறம் மட்டும் சோர்ந்திருந்தால் கிளாஸ் சிகிச்சை ஏற்றது. இது முடியை வெளுக்கச் செய்யாமல் நிறத்தையும் மினுமினுப்பையும் கூட்டும். சில வாரங்களில் படிப்படியாகக் கரைந்துவிடும். எனினும் இது நரையை முழுமையாக மறைக்காது.

செம்மை ஏறினால்

வெளுக்கச் செய்து சாயமிட்ட முடியில் நாளடைவில் செம்பு நிறம் தோன்றுவதுண்டு. அதனைத் தணிப்பது டோனர். ஆரஞ்சு நிறத்தை நீலச்சாயலும், மஞ்சளை ஊதாச்சாயலும் சமன்செய்யும். பழைய சாயத்தைவிட வெளிர்நிறம் வேண்டுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: புதிய சாயம் பழைய சாயத்தை வெளுக்கச் செய்யாது. அதற்குத் தனிச் சிகிச்சை தேவை.

ஒப்புக்கொள்ளும் முன்

பெரும்பாலான நிலையான கருஞ்சாயங்களில் பாரா-ஃபினைலீன்டைஅமீன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. இது சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும். பல ஆண்டுகள் தொல்லையின்றிப் பயன்படுத்தியவருக்கும் திடீரென இது ஏற்படலாம். ஆகவே 48 மணி நேரத்திற்கு முன்பே காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவிச் சோதிக்குமாறு கேளுங்கள். விழாவுக்கு முந்தைய நாள் மாலையில் சென்றால் இச்சோதனைக்கு நேரமிராது.

மருதாணிப் பொடி பயன்படுத்துபவராயின் அதனையும் தெரிவியுங்கள். சில கலப்புப் பொடிகளில் உள்ள உலோக உப்புகள் பெராக்சைடுடன் வினைபுரிந்து முடியைச் சிதைக்கக்கூடும்.

கட்டணமும் ரசீதும்

முழுத்தலைச் சாயத்திற்குப் பல நிலையங்கள் முடியின் நீளத்தைப் பொறுத்துக் கட்டணம் கூறுகின்றன. சிகிச்சை தொடங்கும் முன்பே மொத்தத் தொகையைக் கேட்டறியுங்கள். கழுவுதல், உலர்த்துதல் ஆகியவை அதில் அடங்குமா என்பதையும் உறுதிசெய்யுங்கள். அழகு நிலையச் சேவைகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பதிவு பெறாத நிலையம் இவ்வரியை வசூலிக்க இயலாது. யு.பி.ஐ. வழியே செலுத்தினாலும் ரசீதைப் பெற்று வைத்திருங்கள். குறைபாடு நேர்ந்து நிலையத்தார் செவிசாய்க்காவிடில், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வீட்டில் காக்க

ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் முடியில் படிந்து சாயத்தின் ஒளியை மங்கச் செய்யும். இயன்றால் காவிரி நீர் வரும் நாளில் தலைக்குக் குளியுங்கள். வெந்நீரைத் தவிர்த்து, சல்பேட் இல்லாத ஷாம்புவைத் தேர்ந்தெடுங்கள். இச்சிறு கவனம் அடுத்த சிகிச்சையைச் சில வாரங்களேனும் தள்ளிவைக்கும். முடிக்கு ஓய்வும், வீட்டுக் கணக்கில் சிறு சேமிப்பும் அதனால் கிட்டும்.