ஒரு வட்டமும் சில வண்ணத்துப்பூச்சிகளும்

சிற்பம், ஓவியம் முதலிய கலைகளைக் காண நாம் கோயிலுக்கும் காட்சிசாலைக்கும் செல்கின்றோம். ஆனால் நம்மைத் தேடி வீதிக்கே வரும் கலையும் ஒன்றுண்டு. சுவரொட்டி, நூலின் மேலட்டை, வர்த்தகச் சின்னம் ஆகியவற்றை வகுத்தமைக்கும் அக்கலையை மேனாட்டார் கிராபிக் டிசைன் என்பர். வழிப்போக்கன் ஒருவன் நின்று நோக்கும் இரண்டொரு கணங்களுக்குள் தன் கருத்தை அவன் மனத்தில் பதித்துவிடுதல் இதன் தொழில். இத்துறையில் ஜப்பானுக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்த யூசாக்கு கமெக்குரா என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1915-ஆம் ஆண்டில் நீகாத்தா மாகாணத்தில் பிறந்தார். இளமையில் டோக்கியோ நகரத்தில் ரென்ஷிச்சிரோ கவக்கிட்டா என்னும் ஆசிரியர் நடாத்திய கலைக்கூடத்திற் பயின்றார். ஜெர்மனியில் 1919-இல் தோன்றிய பௌஹௌஸ் என்னும் புகழ்பெற்ற கலாசாலையின் கொள்கைகளே அங்குப் போதிக்கப்பட்டன. வீண் அலங்காரத்தைக் களைக. வட்டம், சதுரம், கோடு என்னும் அடிப்படை வடிவங்களைக் கொண்டே கருத்தை உணர்த்துக என்பது அக்கொள்கைகளின் சாரமாகும். கமெக்குரா தம் ஆயுள் முழுவதும் இதனை விட்டிலர்.

1938-இல் இவர் நிப்பான் கோபோ என்னும் நிலையத்திற் சேர்ந்தார். யோனொசுக்கே நட்டோரி என்பார் நிறுவிய அந்நிலையம், ‘நிப்பான்’ என்னும் அழகிய பத்திரிகையைப் பிறநாட்டார்பொருட்டு ஐரோப்பிய மொழிகளில் வெளியிட்டு வந்தது. அஃது அச்சுக்கலையிற் சிறந்து விளங்கியதாயினும், போர்க்காலத்தில் ஜப்பானிய அரசாங்கத்தின் பிரசாரத்திற்கும் கருவியாயிற்று. கலைஞனுடைய திறமை ஒன்று. அத்திறமை யாருக்குப் பணி செய்கின்றது என்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவிற் கொள்வாராக.

போர் முடிந்தபின் பாழ்பட்ட நாடு தன்னை மீண்டும் கட்டியெழுப்பத் தொடங்கிற்று. கமெக்குராவின் கைகளுக்கு வேலை பெருகிற்று. நிக்கான் காமிராக்களுக்கு இவர் வரைந்த சுவரொட்டிகள் பலராலும் பாராட்டப்பெற்றன. 1957-இல் நற்பொருள்களுக்கு அடையாளமாக ஜப்பானில் ஏற்படுத்தப்பட்ட ‘ஜி’ முத்திரையும் இவர் வரைந்ததே.

இவர் புகழ் உலகெங்கும் பரவியது 1964-ஆம் ஆண்டு டோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக் பந்தயங்களினால் என்க. 1940-இல் அந்நகரத்தில் நிகழவிருந்த பந்தயங்களை, சீனத்துடன் நிகழ்ந்த போரின் காரணமாக ஜப்பான் 1938-இலேயே கைவிட்டது. எனவே 1964-ஆம் ஆண்டு விழா, அந்நாடு உலக சமுதாயத்தில் மீண்டும் அடியெடுத்து வைக்கும் விழாவாகவே கருதப்பட்டது. அதற்குரிய சின்னத்தின்பொருட்டு 1960-இல் நடந்த போட்டியில் கமெக்குராவின் சித்திரமே தேர்ந்தெடுக்கப்பட்டது. பெரியதொரு செவ்வட்டம்; அதன் கீழ்ப் பொன்னிறத்தில் ஐந்து வளையங்கள்; அவற்றின் கீழ் நகரத்தின் பெயரும் ஆண்டும். வேறொன்றுமில்லை. கெடு முடியும் நாளில் பிறர் நினைவூட்டிய பின்னரே சில மணி நேரத்தில் இதனை வரைந்தார் என்பர். சில மணி நேரத்து வேலை எனினும், அதன் பின்னே பல்லாண்டுப் பயிற்சி நின்றதன்றோ!

அச்செவ்வட்டம் நாட்டுக்கொடியை நினைவூட்டுவதே. ஆயினும் தாம் காட்ட விரும்பியது கொடியினும் கதிரவனையே என்று கமெக்குரா கூறினார். சில ஆண்டுகளுக்கு முன் படைகளின் தலைமேற் பறந்த வடிவம், இப்பொழுது விருந்தினரை வரவேற்கும் ஞாயிறாயிற்று. வடிவம் மாறவில்லை, அது செய்த பணி மாறிற்று. அடுத்து வந்த சுவரொட்டியில், ஓட்டக்காரர் பாய்ந்து புறப்படும் கணத்தை ஒசாமு ஹயாசாக்கி எடுத்த புகைப்படத்தினாற் காட்டினார். இருளைப் பின்னணியாகக் கொண்ட அப்படம், பலமுறை அவர்களை ஓடச்செய்து எடுக்கப்பட்டதாம்.

ஈண்டு வேறிரு சுவரொட்டிகளை ஒப்பிட்டு நோக்குவாம். 1956-இல் அணுவாற்றலை அமைதித் தொழில்களுக்குப் பயன்படுத்த வேண்டும் என்னும் கருத்தை ஒளிக்கதிர்கள் வீசும் வடிவமாக இவர் வரைந்தார். இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தபின், 1983-இல், ஹிரோஷிமாவின் துயரத்தை உலகிற்கு நினைவூட்டும் சுவரொட்டி வரிசையின் முதற் படத்தை அமைத்தார். அதில் குண்டில்லை, பிணமில்லை, இடிந்த கட்டிடமுமில்லை. அழகிய வண்ணத்துப்பூச்சிகள் பல தீப்பற்றி எரிந்தவண்ணம் வீழ்கின்றன, அவ்வளவே. அவற்றைத் தீட்டியவர் அக்கிரா யொக்கோயாமா. இறந்தோரின் எண்ணிக்கையைக் கூறும் ஏடுகளைப் படித்துக் கடந்து செல்லும் நாமும், இப்படத்தின்முன் வாய்பேசாது நின்றுவிடுகின்றோம்.

1978-இல் தோன்றிய ஜப்பானிய கிராபிக் டிசைனர் சங்கத்திற்கு முதல் தலைவராயிருந்த இப்பெரியார், 1989 முதல் ‘கிரியேஷன்’ என்னும் பத்திரிகையைத் தாமே ஆசிரியராயிருந்து இருபது இதழ்கள் வெளியிட்டு, 1997-இல் காலஞ்சென்றார்.

நம் மாணவ நண்பர்கள் இவர் வரலாற்றினின்றும் கொள்ளத்தக்கவை இரண்டு. சொல்லவேண்டியதைத் தெளிந்தவன் சிலவற்றைக் கொண்டே சொல்லி முடிப்பான் என்பது ஒன்று. கற்ற கலை விற்பனைக்கும் உதவும், போருக்கும் உதவும், இரக்கத்திற்கும் உதவும். எதற்கு உதவவேண்டும் என்பதைக் கலை தானே தெரிவு செய்யாது, அதனைக் கையாள்பவனே தெரிவு செய்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது பாடம் ஓவியர்க்கு மட்டும் உரியதன்று. கல்வி கற்கும் நம் அனைவர்க்கும் உரியதாம்.