பிரேக் ஆயில் கொதித்தால்

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆளும் சுமையும் சேர்த்து 200 கிலோ எடையுள்ள ஒரு பைக் மலையிலிருந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், கிட்டத்தட்ட 20 லட்சம் ஜூல் ஆற்றலை வழியிலேயே தீர்த்தாக வேண்டும். ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் சூட்டுக்குக் கொண்டுவர அது தாராளமாகப் போதும். கீழ் கியரில் இறங்குகிறவருக்கு எஞ்சின் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பெட்ரோலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு வருகிறவருக்குப் பெரும்பங்கு டிஸ்க்கிலும் பேடிலும்தான் சூடாக இறங்கும். பேடை ஒட்டியிருக்கும் பிஸ்டனுக்கு அந்தப் பக்கம் பிரேக் ஆயில்.

லீவரைப் பிடித்தால் ஹேண்டில்பாரில் உள்ள மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் ஆயிலை அழுத்துகிறது. அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் சொன்ன விதி. மேல் பிஸ்டனின் விட்டம் 12 மி.மீ., கீழே பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரில் 30 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் விசை ஆறு மடங்குக்கு மேல் பெருகும். ஆயில் அமுங்காத வரைக்கும்தான் இந்தக் கணக்கு. உள்ளே ஒரு குமிழி இருந்தால் நம் கைபலம் முதலில் அதை நசுக்கத்தான் செலவாகும். லீவர் தொளதொளவென்று ஹேண்டில்வரை வரும், வண்டி நிற்காது.

அந்தக் குமிழி வெளியிலிருந்து வந்த காற்றாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான பைக்குகளில் ஊற்றுவது கிளைகால் ஈத்தர் வகை திரவம். காற்றிலுள்ள ஈரத்தை அது விடாமல் இழுக்கும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட. டாட் 4 தர ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் தரவிதி கேட்பதே 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆகிவிடும். மலை இறக்கத்தில் நீராவிக் குமிழி கிளம்புவது இப்படித்தான். சற்று நேரம் ஆறவிட்டால் ஆவி மறைந்து லீவர் பழையபடி இறுகும். வண்டி சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடி கிளம்புகிறவர்கள் உண்டு.

ஈரத்தை இழுக்காத திரவமே கிடையாதா? இருக்கிறது, சிலிகான் அடிப்படையிலான டாட் 5. ஆனால் அதில் நீர் கலக்காது. எப்படியோ உள்ளே வந்த துளி தாழ்வான இடமான காலிப்பரில் போய்த் தேங்கும். இருப்பதிலேயே சூடான இடம் அதுதான். துளி 100 டிகிரியை ஒட்டியே ஆவியாகும், இரும்பையும் அரிக்கும். அதைவிட நீரைத் தன்னில் கரைத்துப் பரப்பி வைக்கும் திரவமே மேல். அதற்கு நாம் தரும் விலை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது. வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் இதே கணக்குதான்.

முன் டிஸ்க் மட்டும் என்றால் ஆயில் மாற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். ஹேண்டில்பாரில் உள்ள ஆயில் கப்பின் மூடியில் எந்தத் தரம் என்று எழுதியிருக்கிறதோ அதையே, சீல் உடையாத சின்ன பாட்டிலாக வாங்குங்கள். எஞ்சின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஒரு சொட்டுப் பட்டாலும் உள்ளிருக்கும் ரப்பர் சீல் ஊதிவிடும். டேங்க்மேல் பழந்துணி போர்த்திக்கொள்ளுங்கள். இந்த ஆயில் பெயிண்டைத் தின்னும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவலாம், நீரோடு கலக்கும் குணம் இங்கேயும் நமக்கு உதவி. ஆயில் கப்பின் மூடி ஸ்க்ரூ மெத்தென்ற உலோகம், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை வழுக்கிவிடும்.

காலிப்பரில் ஆயிலை வடிக்கும் நிப்பிளில் முதலில் ரிங் ஸ்பேனர், அதன்மேல் உள்ளே ஓடுவது தெரியும் டியூப். டியூபின் மறுமுனை, கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் மூழ்கியிருக்கட்டும். லீவரை அழுத்திப் பிடித்தபடியே நிப்பிளைக் கால் சுற்று திறந்தால், டீ டிக்காஷன் நிறத்தில் பழைய ஆயில் டியூபில் ஓடும். இடையிடையே குமிழிகள் வரிசைகட்டும். லீவர் கடைசிவரை வந்ததும் நிப்பிளை மூட வேண்டும், பிறகுதான் லீவரை விட வேண்டும். முறை மாறினால் வெளியே போன காற்று திரும்ப உள்ளே வரும். வெளிர் மஞ்சளில் தெளிந்த ஆயில் வரும்வரை இதையே செய்யுங்கள். கவனமெல்லாம் மேலே கப்பில் இருக்கட்டும். அளவு குறையக் குறைய ஊற்றாமல் விட்டால் கப் வறண்டு காற்றை இழுக்கும், செய்த வேலையெல்லாம் வீண். ஏபிஎஸ் வண்டியில் அந்தக் காற்று, பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டருக்குள் போய் உட்கார்ந்தால், அதை வெளியேற்றப் பல வண்டிகளுக்கு ஒர்க்‌ஷாப்பின் ஸ்கேனர் தேவைப்படும்.

நிப்பிள் நடுவில் துளையுள்ளது, முரட்டுத்தனமாக முறுக்கினால் ஒடிந்துவிடும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். எல்லாம் மூடியபின் லீவரை ஒரு நிமிடம் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் போய்விட்டது. அந்த வண்டியைத் தெருவில் இறக்க வேண்டாம்.