சிப்பிப்பாறை ஓடட்டும்... முயல் பிழைக்கட்டும்!

லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல்ல யாரைப் பார்ப்பீங்க? அம்மாவை, அப்பாவை... சரி. சங்கரன்கோவில் பக்கம் பனவடலிசத்திரம் சுத்துப்பட்டுப் பசங்க சிலர், பையைத் திண்ணையில போட்டதும் நேரா ஓடுறது நாய்கிட்டதான்!

தென்காசி மாவட்டத்துல இருக்கிற இந்தக் கரிசல் பூமியில, மானாவாரி நிலத்துக்கே ‘காடு’ன்னுதான் பேரு. அறுப்பு முடிஞ்சு காடு வெறிச்சோடினதும் நாலு நண்பர்கள், ரெண்டு நாய், நெத்தியில கட்டுற லைட்டுன்னு முயல் வேட்டைக்குக் கிளம்புறது தலைமுறை தலைமுறையா இருந்த பழக்கம். கௌதாரி, காடையும் தப்பாது. 2018-ல வந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்துல கருப்பியோட சுத்துற பசங்களை மறக்க முடியுமா? அந்த உலகம்தான் இது.

வேட்டையோட ஹீரோ சிப்பிப்பாறையும் கன்னியும். விருதுநகர் மாவட்டத்து சிப்பிப்பாறை ஊர்ப் பேர்தான் நாய்க்கும் பேராச்சு. நீளக் கால், ஆழமான நெஞ்சு, ஒட்டின வயிறு. மோப்பத்தைவிட கண்ணை நம்பி ஓடுற ஜாதி. எதிர்ல ஏதாவது அசைஞ்சாப் போதும், அம்பு மாதிரி பாயும். முயலும் லேசுப்பட்டதில்லை. சட்டுனு திசை மாத்தும். வேகமா வர்ற நாயால அப்படித் திரும்ப முடியாது. இனர்ஷியா பாஸ், இனர்ஷியா!

இதெல்லாம் கேட்க ஜாலிதான். ஆனா சட்டம் என்ன சொல்லுது? 1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல, முயல் மாதிரி சிறு விலங்குகளுக்கு லைசென்ஸ் வாங்கி வேட்டையாட ஆரம்பத்துல வழி இருந்துச்சு. 1991-ல வந்த திருத்தம் அதையும் மூடிடுச்சு. 2022 திருத்தத்துக்கு அப்புறம் முயல் வேட்டைக்கு மூணு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம். மயில்னா குறைஞ்சதே மூணு வருஷம்.

‘நாங்க பிடிக்கவே இல்ல, நாய் சும்மா விரட்டுச்சு’ன்னு சொல்லித் தப்பிக்கலாமா? முடியாது. சட்டத்துல ‘வேட்டை’ங்கிற சொல்லுக்குள்ள, நாயை விட்டு விரட்டுறதும் அடக்கம். முயற்சி பண்ணினாலே குற்றம். போன பைக்கும் போச்சு!

அபராதத்தைவிடப் பெரிய இழப்பு ஒண்ணு இருக்கு. இந்தப் பக்கம் நிறையப் பேரோட கனவு காக்கிச் சட்டை. செலக்‌ஷன்ல ஜெயிச்சாலும் போலீஸ் வெரிஃபிகேஷன்ல பழைய வழக்கு வந்து நிக்கும். ஒரு ராத்திரி ஜாலிக்கு, ஸ்டேட்டஸ்ல போட்ட ஒரு வீடியோவே சாட்சி ஆகிடும். அந்தப் பக்கம் பார்த்தா, நம்ம ஊர் முயல் வளை தோண்டாது, புதர்லதான் குட்டி போடும். தாய் போயிட்டா குட்டிங்க கதி அவ்வளவுதான்.

அப்போ நாயை என்ன பண்றது? இங்கதான் சிக்கல். ஓடவே பிறந்ததைச் சங்கிலியில கட்டிப்போட்டா அதுக்கும் கொடுமை. வேலை இல்லாத நாயை யார் வளர்ப்பா? வளர்க்க ஆள் இல்லேன்னா இனமே அழியும்.

இங்கிலாந்துலயும் இதே கேள்வி வந்துச்சு. 2004-ல போட்ட சட்டம் நாயை விட்டு முயல் விரட்டுறதைத் தடை பண்ணுச்சு. வெளிநாடுகள்ல இதுக்குன்னே ஒரு விளையாட்டு இருக்கு. மைதானத்துல கயிறைக் கப்பிகள் வழியா வளைச்சு வளைச்சு ஓடவிட்டு, நுனியில ஒரு துணியைக் கட்டி மோட்டாரால இழுப்பாங்க. துணி முயல் மாதிரியே திரும்பும். கண்ணை நம்பி ஓடுற நாய் விடாமத் துரத்தும். ஒரு உயிரும் போகாது.

மெக்கானிக்கல், ட்ரிபிள்-ஈ மக்களே, இதைவிட நல்ல மினி ப்ராஜெக்ட் கிடைக்குமா? ஒரு மோட்டார், நாலு கப்பி, பழைய சாக்கு. சுத்துச்சுவர் இல்லாத கிணறு பக்கத்துல இல்லாத காடாப் பார்த்துக்குங்க. நண்பர்களும் வரட்டும், நாயும் ஆசை தீர ஓடட்டும். புதர்ல இருக்கிற முயல் நிம்மதியா வேடிக்கை பார்க்கட்டும்!