பகுதிநேர வீரர்களைப் போருக்குத் தயார்செய்யும் பிரிகேட்

அமெரிக்கத் தரைப்படையின் 177ஆம் கவசப் பிரிகேட் தானே போருக்குப் போவதில்லை, போகிறவர்களைத் தயார்செய்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் ஹாட்டிஸ்பர்க் நகருக்குத் தெற்கே உள்ள கேம்ப் ஷெல்பி முகாம்தான் இதன் இருப்பிடம். மாநிலங்களின் நேஷனல் கார்டு, ராணுவ ரிசர்வ் ஆகிய பகுதிநேரப் படைகளுக்குப் பயிற்சி தருவதே இதன் பணி.

பகுதிநேர வீரர்கள் ஆசிரியராகவோ மெக்கானிக்காகவோ போலீஸ்காரராகவோ வேலை பார்ப்பவர்கள். மாதம் ஒரு சனி ஞாயிறு, ஆண்டுக்கு இரண்டு வாரம் என்பதே அவர்களின் வழக்கமான பயிற்சி. தரைப்படையின் மொத்த ஆள்பலத்தில் பாதிக்கு மேல் இவர்கள்தான்.

முதல் உலகப் போருக்காக 1917இல் கான்சஸ் மாநிலத்தின் கேம்ப் ஃபன்ஸ்டனில் 89ஆம் டிவிஷனின் ஓர் அங்கமாக 177ஆம் காலாட்படை பிரிகேட் அமைந்தது. கவசப் பிரிகேடாக மாறிய பின், கலிஃபோர்னியாவின் ஃபோர்ட் இர்வின் பாலைவனத்தில் உள்ள தேசியப் பயிற்சி மையத்தில் ‘எதிரிப் படை’ வேடம் ஏற்றது. சோவியத் பாணியில் போரிட்டு, பயிற்சிக்கு வந்த அணிகளைச் சோதித்தது. 1994இல் அந்தப் பொறுப்பு 11ஆம் கவசக் குதிரைப்படை ரெஜிமென்ட்டிடம் சென்றது.

பகுதிநேர வீரர்களுக்குப் பயிற்சி தரும் பிரிகேட்கள் ஏன் தேவை என்பதை வளைகுடாப் போர் காட்டியது. 1990இல் ஜார்ஜியாவின் 48ஆம் பிரிகேட், மிசிசிப்பியின் 155ஆம் பிரிகேட், லூசியானாவின் 256ஆம் பிரிகேட் ஆகிய மூன்று நேஷனல் கார்டு அணிகள் அந்தப் போருக்காக அழைக்கப்பட்டன. மாதக்கணக்கில் பயிற்சி நீண்டது. 48ஆம் பிரிகேட் போருக்குத் தகுதி பெற்றதாகச் சான்று கிடைத்த நாள் 1991 பிப்ரவரி 28. அன்றுதான் போரும் நின்றது. மூன்று அணிகளும் களத்துக்குப் போகவே இல்லை.

அதன் பின் 1992இல் வந்த சீர்திருத்தச் சட்டம், முழுநேரப் படையின் அனுபவசாலிகளைப் பகுதிநேர அணிகளின் பயிற்சிக்கு ஒதுக்கச் சொன்னது. அதன் வழியே உருவான பயிற்சி பிரிகேட்கள் முதலாம் ராணுவம் என்ற தலைமையகத்தின் கீழ் இயங்குகின்றன. அவற்றில் ஒன்றுதான் 177.

இங்கே பயிற்சியாளர் வகுப்பெடுப்பதோடு நிற்பதில்லை. அணியோடு கூடவே நடந்து கவனிக்கிறார். துப்பாக்கிகளில் லேசர் கருவி பொருத்தப்படுகிறது. ஒளி பட்டதும் எதிராளியின் உடுப்பிலுள்ள உணரி ஒலி எழுப்பும். தலைகீழாகப் புரளும் வண்டிக்கூட்டுக்குள் வீரர்கள் பெல்ட்டில் தொங்கியபடி கொக்கியைக் கழற்றி, கதவைத் தேடி, வெளியேறப் பழகுகிறார்கள். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பின்பும் எல்லோரும் கூடி, என்ன திட்டமிட்டோம், என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவது என்று அலசுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் சிப்பாயும் தளபதியின் தவறைச் சொல்லலாம்.

2004இல் இராக் போருக்காக கேம்ப் ஷெல்பி பெரும் ஆயத்தக் களமாக மாறியது. 1991இல் வீட்டுக்குத் திரும்பிய அதே 155ஆம் பிரிகேட் அங்கே பயிற்சி பெற்று, 2005 தொடக்கத்தில் இராக் சென்றது. ஆயுதத்தை ஒரே நாளில் கையில் கொடுத்துவிடலாம். சேர்ந்து போரிடும் பழக்கம் மாதக்கணக்கான பயிற்சியில்தான் வரும்.