விதையில்லா வாழையும் நோயில்லாக் கன்றும்

ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்களின் பைகளில் முறுக்கு, வடாம் இவற்றோடு ஒரு பழநிப் பஞ்சாமிர்த டப்பாவும் இருப்பது நம் வழக்கம். டில்லிக் குளிரிலோ மும்பை மழையிலோ அதைத் திறந்து ஒரு விரல் வழித்து வாயில் வைத்தால் ஊர் ஞாபகம் வந்துவிடும். சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு என்று எத்தனை சேர்த்தாலும் அதற்கு ஆதாரம் வாழைப்பழந்தான். அதிலும் பேர்போனது விருப்பாச்சி மலைவாழை. நீர்ச்சத்துக் குறைந்த கெட்டிப் பழம். பிசைந்தாலும் தண்ணீர் விடாது.

இந்த வாழை கீழ்ப்பழநி மலைச்சரிவுகளில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்ப்பக்கங்களில், காப்பித் தோட்டங்களுக்கு இடையே மானாவாரியாக வளர்வது. 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பின்னர் 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2008-இல் விருப்பாச்சிக்கும் சிறுமலை வாழைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2019-இல் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். கன்றை யார் காப்பது?

மலைவாழையை அழித்தது முடிக்கொத்து நோய். 1889-இல் ஃபிஜித் தீவில் பதிவான இந்நோய், இலங்கைக்கு வந்து, அங்கிருந்து 1940 வாக்கில் கேரளத்தில் புகுந்து, பிறகு நம் மலைகளிலும் ஏறியது. இதற்குக் காரணம் ஒரு வைரஸ். நோய் கண்ட மரத்தின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். இலைக்காம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடும் தெரியும். இளமையிலேயே நோய் கண்டால் அந்த மரம் குலை தள்ளாது. மருந்தடித்து இதைக் குணப்படுத்தவும் முடியாது. நோய் பரவும் வழிகள் இரண்டு: ஒன்று வாழை அசுவினி என்னும் சிறு பூச்சி, மற்றொன்று நோயுள்ள தாயிடமிருந்து எடுத்த கன்று.

இந்த இரண்டாவது வழியில்தான் சிக்கலே இருக்கிறது. நாட்டுக் கத்தரியையோ அவரையையோ காக்க வேண்டுமென்றால், பாட்டி செய்தது போல விதையைச் சாம்பலில் புரட்டிப் பானையில் போட்டு வைக்கலாம். பெரும்பாலான வைரஸ்கள் விதை வழியாக இறங்குவதும் இல்லை. நாம் உண்ணும் வாழைக்கோ விதையே கிடையாது. பூண்டு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, உருளை எல்லாவற்றையும் பல்லாகவோ தண்டாகவோ கொடியாகவோ கிழங்காகவோதான் நடுகிறோம். தாயின் ருசி அப்படியே பிள்ளைக்கு வருகிறது. தாயின் நோயும் கூடவே வந்துவிடுகிறது.

அப்படியானால் நோயை விட்டுவிட்டு ரகத்தை மட்டும் எடுக்க முடியுமா? முடியும் என்று 1952-இல் காட்டியவர்கள் மொரேல், மார்டின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானிகள். செடி முழுக்க வைரஸ் பரவியிருந்தாலும், வளரும் நுனியின் உச்சியில் உள்ள மிகச் சிறு பகுதிக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அங்கே சாறு கடத்தும் குழாய்கள் இன்னும் உருவாகியிருப்பதில்லை என்பது ஒரு காரணம். அந்த நுனியை மட்டும் எடுத்து டாலியாச் செடியை நோயின்றி வளர்த்தார்கள். இங்கிலாந்தின் பழைய உருளை ரகமான கிங் எட்வர்டின் ஒவ்வொரு செடியிலும் ஒரு வைரஸ் இருந்தது. 1957-இல் கசானிஸ் என்ற விஞ்ஞானி இதே முறையில் அதை நீக்கிக் காட்டினார்.

வாழையில் செய்வதும் இதுவே. கன்றின் கிழங்கை உறை உறையாக உரித்து, உள்ளே இருக்கும் நுனியை உருப்பெருக்கியின் அடியில் வைத்து, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டாக நறுக்குவார்கள். அதை உப்புச்சத்துக்களும் சர்க்கரையும் வளரூக்கிகளும் கலந்த கூழில், கிருமி புகாத குப்பியில் வளர்ப்பார்கள். முளைத்ததைச் சோதனை செய்து, வைரஸ் இல்லை என்று உறுதியானால்தான் பெருக்குவார்கள். பிறகு பூச்சி புகாத வலைக்குடிலில் வெயிலுக்கும் காற்றுக்கும் பழக்கி விவசாயிக்குக் கொடுப்பார்கள். திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மலைவாழைக்காக இந்த வழியில் உழைத்திருக்கின்றன.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ‘திசு வளர்ப்புக் கன்று’ என்றாலே நோயற்றது என்று நினைத்துவிடக் கூடாது. நுனியைப் பெரிதாக வெட்டி, சோதனையும் செய்யாமல் பெருக்கினால், ஒரு நோயாளிக் கன்று ஆயிரம் நோயாளிக் கன்றுகளாகும். இதனால்தான் 2006-இல் மத்திய அரசு திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. இன்னொன்று, நோயற்ற கன்று என்றால் நோயே வராத கன்று என்று பொருளல்ல. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நோய் மரம் நின்றாலும் அசுவினி அதைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆகவே நோய் மரத்தைக் கிழங்கோடு அழிப்பதை ஊரே கூடிச் செய்ய வேண்டும்.

வெளியூரில் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். ஊரிலிருந்து ஆசையாக ஒரு வாழைக்கன்றை ரயிலில் கொண்டுவந்து கொல்லையில் நடுகிறவர்கள் நம்மில் உண்டு. அந்தக் கன்றில் கண்ணுக்குத் தெரியாத நோயும் பயணம் செய்யலாம். ஆசைப்பட்டால் சான்று பெற்ற கன்றையே வாங்கி நடுவோம். மலைவாழை கிடைக்குமிடத்தில் இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தாவது வாங்குவோம். வாங்குகிறவர் இருந்தால்தான் மலையில் நடுகிறவரும் இருப்பார்.