உங்களுக்குத் தெரியுமா? வில்லங்கம் தேடும் வேகம்

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ மனை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது வில்லங்கச் சான்று. அதற்காகப் பதிவான பத்திரங்களை எல்லாம் யாரும் புரட்டுவதில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவே அட்டவணைகள் வைக்கச் சொல்கிறது: ஒன்றாம் அட்டவணை எழுதிக்கொடுத்தவர், பெற்றவர் பெயர்களுக்கு, இரண்டாம் அட்டவணை சொத்து விவரத்துக்கு. டேட்டாபேஸ் மந்தமானால் வல்லுநர்கள் முதலில் தேடும் 'இண்டெக்ஸ்' இதே வேலையைத்தான் செய்கிறது.

அது இல்லையென்றால் 10 லட்சம் பதிவுகளையும் கணினி ஒவ்வொன்றாகப் பார்க்கும். வரிசைப்படுத்திப் பாதி பாதியாகக் கழித்தால் சுமார் 20 ஒப்பீடுகள் போதும். ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரெய்ட்டும் போயிங் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி 1970-இல் முன்வைத்த 'பி-ட்ரீ' முறையில், கணுவுக்கு 100 கிளை என்றால் மூன்றே படிகள்!

ஒரே சர்வே எண் திண்டிவனம் வட்டத்தின் பல கிராமங்களில் இருக்கும். ஆகவே 'கிராமம், சர்வே எண்' என்ற வரிசையில் சேர்த்து இண்டெக்ஸ் போடுவார்கள். கிராமத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்டால் அது பெரும்பாலும் உதவாது. அதற்காகக் கண்ட விவரத்துக்கெல்லாம் இண்டெக்ஸ் போடுவது அசட்டுத்தனம். புதுப் பத்திரம் ஏறும்போதெல்லாம் அத்தனையையும் திருத்தியாக வேண்டும், பதிவு மெதுவாகும்.

உங்கள் அலுவலக மென்பொருள் திணறுகிறதா? புது சர்வர் வாங்குமுன், தேடல் கட்டளையான க்வெரிக்கு முன்னால் 'எக்ஸ்பிளைன்' சேர்த்து ஓடவிட்டுப் பாருங்கள். எந்த வழியில் தேடப்போகிறது என்பதை போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் ஆகிய டேட்டாபேஸ்கள் இரண்டுமே காட்டிவிடும்.