பழைய எஞ்சினுக்குப் புது வலிமை



வளைகுடா நாடுகளுக்குச் சபர் சென்று வந்த பெரியவர் எவரேனும் உங்கள் வீட்டில் இருப்பின், சதுரப் பெட்டி போன்ற ஒரு வண்டியைப் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள். பாலை மணலிலும் கல்லடர்ந்த மலைப்பாதையிலும் சலிக்காமல் உழைத்த டொயோட்டா லேண்ட் குரூஸரைப் பற்றி அவர் உற்சாகமாகப் பேசத் தொடங்கிவிடுவார். 40 வரிசை என அழைக்கப்படும் அவ்வண்டி 1960 முதல் 1984 வரை உற்பத்தியானது. இன்று வளைகுடாவில் அதனைத் தேடிப் பிடித்துப் புதுப்பித்து, குடும்பத்துடன் பயணம் செல்ல விரும்புவோர் பலர்.

அவர்களில் பலரும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதன் எஞ்சினுக்கு இன்னும் கொஞ்சம் வலிமை கூட்ட முடியுமா?" முடியும். ஆனால் எதனை முதலில் செய்வது, எதனைக் கடைசியில் செய்வது என்னும் வரிசை தவறினால், பணமும் வீணாகும், எஞ்சினும் பாழாகும். ஆகவே அவ்வரிசையைச் சற்று விரிவாகக் காண்போம்.

எஞ்சினின் இயல்பு

1975 முதல் இவ்வண்டியின் பெட்ரோல் வகைகளில் இடம்பெற்றது '2எஃப்' என்னும் எஞ்சின். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டம் 94 மில்லிமீட்டர்; பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 101.6 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 4,230 கன சென்டிமீட்டர். ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் இணைஇணையாக ஏறி இறங்குவதால் ஒன்றன் அதிர்வை மற்றொன்று சமன் செய்துவிடும். வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் மென்மையாக ஓடுவதன் காரணம் இதுவே.

ஆனால் இவ்வளவு நீண்ட கிராங்க் ஷாஃப்டை நான்கு மெயின் பேரிங்குகளே தாங்குகின்றன. எனவே இது வேகமாகச் சுழல்வதற்கு உருவான எஞ்சின் அன்று. மெதுவாகச் சுழன்று பாரம் இழுப்பதற்கு உருவானது. இதனைப் பந்தயக் குதிரையாக்க முயல்வது வீண்விரயம். கீழ்வேகத்தில் இழுவையைக் கூட்டுவதே அறிவுடைமை.

முதலில் இழந்ததை மீட்டெடுங்கள்

பழைய எஞ்சின் வலிமை குன்றியிருப்பின், அது பிறவிக் குறை என எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அது தேய்மானத்தாலும் கவனக்குறைவாலும் இழந்த வலிமையே. ஆறு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் அளந்து பாருங்கள். நல்ல நிலையில் சதுர அங்குலத்திற்கு 150 பவுண்டு அளவில் இருக்கும். ஆறுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருத்தல் கூடாது. ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால், அதனுள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்ந்துள்ளது. உயராவிட்டால் வால்வில் கோளாறு என ஐயுறலாம். அடுத்தடுத்த இரு சிலிண்டர்களில் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். இச்சோதனை செய்யாமல் புதுப் பாகம் எதையும் வாங்காதீர்கள்.

அடுத்து டாப்பெட் இடைவெளி. எஞ்சின் சூடாக இருக்கையில் உள்வால்வுக்கு 0.20 மில்லிமீட்டர், வெளிவால்வுக்கு 0.35 மில்லிமீட்டர் வைத்தல் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் இன்று உலகில் எங்கும் வாகனங்களுக்கு விற்கப்படுவதில்லை. கடைசியாக அல்ஜீரியாவில் 2021இல் அது நின்றது. ஈயப் பெட்ரோலை நம்பி உருவான பழைய எஞ்சின்களில், அது இல்லாதபோது வால்வு அமரும் இடம் தேய்ந்து உள்ளிறங்கக்கூடும். டாப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதுவே அறிகுறி. ஹெட்டைக் கழற்றும்போது கடினமான வால்வு சீட் பதித்துக் கொள்வது நலம்.

நெருப்பும் காற்றும்

இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்க்க, ஃப்ளைவீலில் ஓர் எஃகுக் குண்டையே அடையாளமாகப் பதித்திருக்கிறார்கள். அது பிஸ்டன் உச்சியை அடைவதற்கு 7 பாகை முன்னதாகப் பொறி விழ வேண்டும் என்பதைக் குறிக்கும். டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் சவ்வு கிழிந்திருந்தால் வண்டி சோம்பும். பெட்ரோலும் அதிகம் குடிக்கும். தேயும் பாயின்டை நீக்கி எலக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்துவது, குறைந்த செலவில் நிறைந்த பலன் தரும் மாற்றமாகும்.

இவ்வெஞ்சினில் காற்று நுழையும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இணைந்துள்ளன. சூட்டினால் கேஸ்கட் தளர்ந்து காற்றுக் கசிவு ஏற்படுவது வழக்கம். ஐடிலில் ஓடும்போது இணைப்பின் மேல் சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். எஞ்சினின் ஓசை மாறினால் கசிவு அங்கேதான். பிறகு ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி வரிசையாக அடுக்குங்கள். நடுவிலுள்ள ஒரே கார்புரேட்டரிலிருந்து ஒன்றாம், ஆறாம் சிலிண்டர்கள் தொலைவில் இருப்பதால், கலவை எல்லாவற்றுக்கும் ஒரே சீராகச் சேர்வதில்லை. இளம்பழுப்பு நலம், கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்தால் பெட்ரோல் குறைவு.

இதற்குப் பின்னரே கூடுதல் வலிமை

இவை யாவும் செம்மையான பிறகு, நெரிசலற்ற சைலன்ஸர் குழாய் பொருத்தலாம். புகை எளிதாக வெளியேறினால் காற்றும் அதிகமாக உட்புகும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: அதற்கேற்பக் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றாவிட்டால் கலவை மெலியும். மெலிந்த கலவை மிகுந்த சூட்டை உண்டாக்கும். வால்வு கருகும், பிஸ்டனே ஓட்டையாகும். எனவே புகைக்குழாயில் ஆக்ஸிஜன் சென்சார் வைத்து அளந்து பார்ப்பது அவசியம். முழு வேகத்தில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 12.5 முதல் 13 பங்கு காற்று இருப்பது பாதுகாப்பானது.

ஹெட்டைச் சிறிது சீவிக் கம்ப்ரஷன் விகிதத்தை உயர்த்துவோரும் உண்டு. இதன் இயல்பான விகிதம் 7.8 என்னும் தாழ்ந்த அளவே; ஆதலால் சற்று உயர்த்த இடமுண்டு. பேராசைப்பட்டால் எஞ்சின் உள்ளே 'டக் டக்' எனத் தட்டத் தொடங்கும். அந்த ஒலி அழிவின் முன்னறிவிப்பு.

பெரிய டயர் மாட்டிவிட்டு எஞ்சினைக் குறை கூறுவோரும் பலர். டயரின் விட்டம் பத்து விழுக்காடு கூடினால், சாலையில் கிடைக்கும் இழுவை ஏறக்குறைய அதே அளவு குறைந்துவிடும். இதற்கு மருந்து எஞ்சினில் இல்லை. டிஃபரன்ஷியல் பல்விகிதத்தை மாற்றுவதில்தான் உள்ளது.

எல்லாவற்றுக்கும் மேலாக

வலிமை கூடினால் சூடும் கூடும். 45 பாகை வெயிலில் ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்த எஞ்சின் ஒரே பிற்பகலில் அழிந்துவிடும். குழந்தைகளுடன் ஆளரவமற்ற பாலைவழியில் நின்றுவிட்டால் நிலைமை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்! மேலும், இவ்வரிசையின் பழைய வண்டிகளில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. ஓடும் வேகத்தைக் கூட்டுமுன் நிறுத்தும் வல்லமையைக் கூட்டுங்கள்.

ஊர் விட்டு ஊர் சென்று உழைத்துச் சேர்த்த பணம் அது. மினுமினுக்கும் பாகங்களுக்கு அதனை வாரி இறைப்பதற்கு முன், அளவுமானியைக் கையில் எடுங்கள். அது காட்டும் குறையைச் சரிசெய்தாலே, மறந்துபோன வலிமையில் பாதி தானாகத் திரும்பிவிடும். மீதிப் பாதியைப் பொறுமையுடன் தேடினால், தந்தை ஓட்டிய வண்டியில் மகனும் பேரனும் பத்திரமாகப் பயணம் செய்யலாம்.